எடுத்துக்கிட்டுப் போ

இந்தச் சாவியும் சேரவில்லை. கார்லா அடுத்ததைப் போட்டுப் பார்த்தாள். கொத்தில் இருபது சாவிக்குக் குறையாமல் இருந்தன. பிணவறை ஆள் அதை அப்பாவின் கைக்கடிகாரம், பல்செட்டோடு ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தான். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"உடைச்சிடலாம், தள்ளு" என்றான் கர்ட். லாரியிலிருந்து இறங்காமலே சொன்னான்.

"உடைக்க வேணாம். புதுப் பூட்டு."

"பூட்டுக்காரரே போயிட்டாரு. பூட்டப் பாத்துட்டு நிக்கிற."

அவள் இன்னொரு சாவியைப் போட்டாள். வாடகைக் கிடங்கு அறைகளின் வரிசைகளுக்கு நடுவே கான்சாஸ் காற்று மண்ணை வாரிக்கொண்டு போயிற்று. நேற்றுக் காலை இந்த ஷட்டருக்கு முன்னால்தான் அப்பா, ஹார்லன் ஃப்ரீசன், விழுந்தார். ஏலம் முடிந்து மற்றவர்களெல்லாம் அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டார்கள். அவர் மட்டும் ஏலத்தில் எடுத்த அறைக்குத் தன் பூட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறார். ஆம்புலன்ஸ்காரர்கள் கிழித்துப் போட்ட உறை ஒன்று, சுவரோரம் முளைத்திருந்த புல்லில் சிக்கித் துடித்துக்கொண்டிருந்தது.

கார்லா எப்போதும் கூடவே போகிறவள். நேற்று மட்டும் போகவில்லை. பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றுக்குப் பொரிக்கும் அடுப்பைக் கொண்டுபோய் இறக்க வேண்டியிருந்தது.

ஒரு சாவி திரும்பியது.

வாடகை கட்டாமல் விட்டவர்களின் அறைகளைக் கிடங்குக்காரர்கள் ஏலம் போடுவார்கள். வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம், உள்ளே கால் வைக்கக் கூடாது. எடுத்தவர் இரண்டு நாளுக்குள் துடைத்துக் காலி செய்ய வேண்டும். எடுத்தவர் செத்துப்போனால் என்ன என்று ஒப்பந்தத்தில் இல்லை. ஆபீஸ்காரம்மா டெப் காலையில் போன் செய்து, தயங்கித் தயங்கி, நாளை சாயங்காலம் வரை டைம் தருகிறேன் என்றாள். அதனால்தான் அடக்கத்துக்கு முந்தின நாள், சவப்பெட்டி பார்க்கப் போக வேண்டிய அண்ணனும் தங்கையும் லாரியோடு இங்கே நிற்கிறார்கள்.

மற்ற ஏலக்காரர்கள் சோபா, டிவி, துப்பாக்கி என்று தேடுவார்கள். ஹார்லன் தேடியது ஓட்டல் சாமான் மட்டும். மூடிப்போன ஓட்டல்காரர்கள் கடைசியில் தங்கள் அடுப்பையும் ஃப்ரிட்ஜையும் கொண்டுவந்து இப்படி ஓர் அறையில்தான் போட்டு வைப்பார்கள், இன்னொரு இடம் கிடைக்கும் என்று. கிடைக்காது. வாடகை நிற்கும். அப்போது ஹார்லன் வருவார். விச்சிட்டாவுக்கு வெளியே இருந்த தன் கொட்டகைக்குக் கொண்டுபோய், பிசுக்கைச் சுரண்டி, பர்னரை மாற்றி, பளபளவென்று துடைத்து, புதிதாக ஓட்டல் வைக்கப்போகிற ஆளுக்கு விற்பார். "ஏன் மூடினான்னு கேக்காத. கேட்டா அப்புறம் தூக்க முடியாது" என்று கார்லாவிடம் சொல்லியிருக்கிறார். விவாகரத்தாகி வந்து அவள் அவரோடு சேர்ந்த முதல் வாரத்தில் சொன்னது.

ஷட்டரைத் தூக்கியதும் பழைய மாவு வாசம் முகத்தில் அடித்தது. பேக்கரிச் சாமான். தட்டுகள் செருகிய உயர ரேக்குகள், கண்ணாடி அலமாரி, இரண்டு ஓவன். எல்லாவற்றுக்கும் முன்னால், மனிதன் உயரத்துக்கு, மாவு பிசையும் பெரிய மிஷின். அதன் தொட்டியில் ஒரு பூப்போட்ட துணி சுற்றிக் கட்டியிருந்தது, தூசி விழாமல்.

"நல்ல சரக்கு" என்றான் கர்ட். டொபீகாவில் இன்ஷூரன்ஸ் விற்கிறவன். ஆனாலும் அப்பாவுக்குப் பிறந்தவன். "ஹட்சின்சன்ல ஒருத்தன் மொத்தமா எடுத்துக்கறேங்கிறான். நேத்து ராத்திரியே பேசிட்டேன்."

"நேத்து ராத்திரியா?"

"தூக்கம் வரல. என்ன பண்ணச் சொல்ற?"

அப்போதுதான் ஒரு பழைய பிக்கப் வண்டி வந்து சற்றுத் தள்ளி நின்றது. இறங்கி வந்த பெண்ணுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். குள்ளம், கெட்டி உடம்பு, நரையைப் பின்னி மேலே கட்டியிருந்தாள். இரண்டு மணிக்கட்டிலும் பேண்டேஜ் சுற்றியிருந்தது.

"நீங்க அவரோட பிள்ளைங்களா?" என்று கேட்டாள். "என் பேரு ஒஃபீலியா. நேத்து நான்தான்…"

முடிக்காமல் தன் கைகளைப் பார்த்தாள். கார்லாவுக்குப் புரிந்துவிட்டது. டெப் சொல்லியிருந்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஒரு மெக்சிகோக்காரம்மா மண்டி போட்டு, மூச்சு வாங்க வாங்க, அவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தாள், வந்தவர்கள் அவளைப் பிடித்து விலக்க வேண்டியிருந்தது என்று.

கார்லா போய் அவளைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பெண் விறைப்பாக நின்றாள்.

"ரொம்ப நன்றிங்க. உங்க கைக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல, சுளுக்கு. மாவு பிசைஞ்ச கைதானே." பிறகு ஷட்டருக்குள் பார்த்தாள். உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டாள். "இது என் கடைச் சாமான்."

கர்ட் லாரியிலிருந்து இறங்கினான்.

பதினாறு வருஷம் நடத்திய பேக்கரி. கட்டடத்தை அதன் சொந்தக்காரர்கள் விற்றுவிட்டார்கள். சாமானை இங்கே போட்டுவிட்டு வேறு இடம் தேடும்போது புருஷனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாடகை நின்றது. டெப்பிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று நேற்று வந்தாள். வருவதற்குள் ஏலம் முடிந்துவிட்டது. இதையெல்லாம் மடமடவென்று, யாரோ இன்னொருத்தியின் கதையைச் சொல்வதுபோல் சொன்னாள்.

"கேக்கவே கஷ்டமா இருக்கு" என்றான் கர்ட். "ஆனா இதுல நாங்க பண்றதுக்கு ஒண்ணுமில்லீங்க."

"உங்கப்பாகிட்ட கேட்டேன். அந்த மிஷின் மட்டும் குடுங்க, மத்தது எல்லாம் எடுத்துக்குங்கன்னு. அது இருந்தா வீட்டுலயே ஆரம்பிச்சிடுவேன்." மணிக்கட்டுப் பேண்டேஜை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எடுத்துக்கிட்டுப் போன்னு சொன்னாரு."

கர்ட் சிரித்துவிட்டான். நல்ல சிரிப்பு அல்ல.

"எங்கப்பா?"

"ஆமா."

"ஹார்லன் ஃப்ரீசன்? சிரிச்சா பல்லு தேஞ்சிடும்னு சிரிக்காத மனுஷன், அவரா? கார்லா, அவரு எதையாச்சும் சும்மா குடுத்து நீ பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. அவள் கல்யாணத்துக்கே பழைய ஃப்ரீசர்தான் கொடுத்தார். அதில் விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

"எப்படிச் சொன்னாரு?" என்று கார்லா கேட்டாள். "அப்படியே சொல்லுங்க. அவரு சொன்ன மாதிரியே."

ஒஃபீலியா காற்றில் பறந்த மயிரை ஒதுக்கினாள். "'எடுத்துக்கிட்டுப் போ. என் முன்னாடி நின்னு அழாத, எனக்கு வேலை கிடக்கு'ன்னாரு."

 அது அப்பாவின் குரல்தான். அன்பாக, தேனொழுகச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

"பொய்யி" என்றான் கர்ட் மெதுவாக. "இன்னிக்கு மிஷின். நாளைக்கு ஓவனும் குடுத்தாருன்னு வருவாங்க."

"நீ அந்தப் பலகைய எடு."

"கார்லா, லூசா நீ?"

"அவரு நெஞ்ச அமுக்குன கைடா அது. பலகைய எடு."

சங்கிலிக் கப்பியை மாட்டி, பலகையைச் சாய்த்து, மூவரும் சேர்ந்து மிஷினைப் பிக்கப்பில் ஏற்றினார்கள். பின்டயர்கள் அமுங்கின. ஒஃபீலியா அதன் தொட்டியில் கட்டியிருந்த துணியை இன்னொரு தரம் இறுக்கிக் கட்டினாள். நன்றி என்று சொல்லவில்லை. அடக்கம் எப்போது, எந்தச் சர்ச்சில் என்று மட்டும் கேட்டாள். 

வீட்டில் அம்மா ஆர்டிஸ், அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து அங்கேயேதான். அழவில்லை. சர்ச்சுக்காரர்கள் கொண்டுவந்து வைத்த நூடுல்ஸ் சூப்பு மேசையில் ஆடை படிந்து கிடந்தது.

"அவர் கூட யாரு இருந்தா?" என்று ஆர்டிஸ் கேட்டாள். இதே கேள்வியை நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏதாவது சொன்னாரா? ஒருத்தருக்கும் தெரியலயா?"

கர்ட் தங்கையைப் பார்த்தான். வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தான்.

கார்லா சொல்லிவிட்டாள்.

அம்மாவின் முகம் முதலில் மாறவில்லை. பிறகு உதடு கோணியது. "அவரா? சும்மாவா?" என்றாள். "சும்மாவா குடுத்தாரு?" அப்புறம் கையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். அடக்கி வைத்திருந்த ஒரு நாள் அழுகை மட்டும் இல்லை அது. எத்தனையோ வருஷத்தது.

கார்லாவுக்குத் தெரியும். லவினா நியூஃபெல்டின் காப்பிக் கடை நொடித்துப்போனபோது அதன் சாமான்களை ஏலத்தில் எடுத்தது ஹார்லன்தான். லவினா அம்மாவின் சிநேகிதி, சர்ச்சில் ஒரே பெஞ்சு. ஒரே வாரத்தில் அத்தனையையும் கழுவித் துடைத்து விற்றுவிட்டார். "நான் எடுக்கலன்னா இன்னொருத்தன் எடுப்பான்" என்றார். அது உண்மைதான். ஆனால் அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை லவினா எதிர்வரிசைக்கு மாறிவிட்டாள். அம்மா அந்தப் பெஞ்சில் தனியாகவே உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். ஹார்லன் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் வருவார்.

"நான் பாஸ்டர்கிட்ட சொல்லணும்" என்று ஆர்டிஸ் எழுந்தாள்.

"அம்மா, அதெல்லாம் எதுக்கு? நமக்குத் தெரிஞ்சா போதாதா?" என்றாள் கார்லா.

"போதாது" என்றாள் அம்மா. போனைத் தேடிக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடந்தாள். நேற்றிலிருந்து அவள் நடந்த முதல் நடை அது.

கர்ட் சூப்புக் கிண்ணத்தைத் தொட்டியில் கொட்டினான். "பாரு என்ன பண்ணி வச்சிருக்கன்னு" என்றான். கோபமாக இல்லை. "அவரு அப்படிப்பட்ட ஆளில்ல கார்லா. அவரு எப்படிப்பட்டவரோ அப்படியே புதைச்சிருக்கலாம்."

அடக்கத்தன்று சர்ச் நிறைந்துவிட்டது. ஓட்டல்காரர்கள் பலர் வந்திருந்தார்கள். டை கட்டத் தெரியாமல் கட்டிக்கொண்டு, அவரிடம் வாங்கிய அடுப்பு இன்னும் எரிகிறது என்று கர்ட்டிடம் சொல்லிக் கைகுலுக்கினார்கள். விலையில் ஒரு டாலர் குறைக்க மாட்டார் என்றும் சொன்னார்கள். ஒருத்தர் சொல்ல, மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். ஒஃபீலியா கடைசிப் பெஞ்சில் கறுப்பு உடையில் தனியாக உட்கார்ந்திருந்ததைக் கார்லா பார்த்தாள்.

பாஸ்டர் லோவன் இளைஞர். ஹார்லனை அதிகம் தெரியாதவர். அதனாலேயே கிடைத்த ஒரு கதையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"நம்மில் பலர் ஹார்லனைக் கடினமான மனிதர் என்று நினைத்தோம். நானும்தான். ஆனால் இந்தப் பூமியில் அவர் செய்த கடைசிக் காரியம் என்ன தெரியுமா? முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு அவள் பிழைப்பைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த நிமிஷம் ஆண்டவர் அவரை அழைத்துக்கொண்டார்."

சர்ச்சில் ஒரு பெருமூச்சு எழுந்தது. எதிர்வரிசையிலிருந்து லவினா நியூஃபெல்ட் எழுந்தாள். எல்லாரும் பார்க்க, நடைபாதையைக் கடந்து வந்து ஆர்டிஸின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் கை போட்டாள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். கர்ட் முழங்காலில் முழங்கைகளை ஊன்றி, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான்.

கார்லா பின்னால் திரும்பிப் பார்த்தபோது ஒஃபீலியாவின் தலை குனிந்திருந்தது.

சர்ச்சை ஒட்டியே கல்லறைத் தோட்டம். மண் போட்டுவிட்டு வந்ததும் கீழ்க்கூடத்தில் சாப்பாடு. ஹாம், சீஸ், ஊறுகாய், ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்த இரட்டை பன். கார்லா காப்பிக்குத் தண்ணீர் பிடிக்கச் சமையலறைக்குள் போனாள். ஒஃபீலியா அங்கே, கை கழுவும் தொட்டியோரம், தான் கொண்டுவந்த ரொட்டித் தட்டின் துணியைப் பிரிக்காமல் நின்றிருந்தாள்.

"நான் கெளம்புறேன்" என்றாள். "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். சாயங்காலம் மிஷினத் திருப்பிக் கொண்டாந்து இறக்கிடுறேன்."

கார்லா குழாயை மூடினாள்.

"அவரு அப்படிச் சொல்லல."

கூடத்திலிருந்து தட்டுச் சத்தமும் பேச்சும் வந்தன. கார்லா கதவைப் பார்த்தாள். கதவு மூடித்தான் இருந்தது.

"கேட்டேன். கெஞ்சினேன். 'எல்லாருக்கும் ஒரு கதை இருக்கும்மா, நான் ஏலத்துல எடுத்தா அது எனக்கு'ன்னாரு. என்னப் பாக்கக்கூட இல்ல. பூட்டப் போட்டுட்டே சொன்னாரு. எனக்கு ஆத்திரம். உன் கை விழுந்துபோவணும்னு திட்டிட்டுத் திரும்பி நடந்தேன். சத்தம் கேட்டுது. திரும்பிப் பாத்தா கெடந்தாரு." பேண்டேஜைத் தடவினாள். "அமுக்குனேன். நிறுத்தல. காப்பாத்தத்தான் அமுக்குனேனா, இல்ல ஆத்திரத்துலயான்னு இப்பவும் தெரியல எனக்கு."

 கார்லா கேட்டாள்: "'எனக்கு வேலை கிடக்கு'ன்னு சொன்னீங்களே. அது?"

"அது சொன்னாரு. 'நின்னு அழாத, எனக்கு வேலை கிடக்கு'ன்னு. 'எடுத்துக்கிட்டுப் போ'ங்கிறது மட்டும்தான் நான் போட்டது."

"ஏன் இப்ப வந்து சொல்றீங்க? வச்சிட்டு இருந்திருக்கலாமே."

"மிஷினுக்காகத்தான் பொய் சொன்னேன். மேல நின்னு பாஸ்டர் அத சாமி வார்த்தையாட்டம் சொன்னாரு. என்னால முடியல."

கதவு தள்ளப்பட்டது. முதலில் கைத்தடி வந்தது, பிறகு ஆர்டிஸ்.

"இங்கதான் இருக்கீங்களா? லவினா சொன்னா, பின்னாடி ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க, அவங்களாத்தான் இருக்கும்னு." மூச்சு வாங்கியது. "நீங்கதானே அது?"

ஒஃபீலியா கார்லாவைப் பார்த்தாள். கார்லா அம்மாவுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அம்மா, அவங்க இன்னும் சாப்பிடவே இல்ல."

"சாப்பிடலாம். நீ இரு." ஆர்டிஸ் உட்கார்ந்தாள். "இவ சொன்னா, பாஸ்டர் சொன்னாரு. எல்லாரும் அவங்கவங்களுக்குத் தோணினபடி சொல்றாங்க. நீங்க சொல்லுங்க. நீங்கதானே கேட்டது. எப்படிச் சொன்னாரு?"

குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. ஒஃபீலியாவின் பார்வை கார்லாவின் மேலேயே இருந்தது. என்னைக் கேட்க வேண்டாம் என்று அதில் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்றும் இருந்தது. கார்லா தலையசைக்கவில்லை. ஆனால் கண்ணையும் எடுக்கவில்லை.

"எடுத்துக்கிட்டுப் போன்னாரு" என்றாள் ஒஃபீலியா.  "நின்னு அழாத, எனக்கு வேலை கிடக்குன்னாரு."

"கோவமாவா?"

"ஆமாம்மா. கோவமாத்தான்."

ஆர்டிஸின் முகம் மலர்ந்துவிட்டது. "அவரேதான்" என்றாள். கண்ணில் நீர் நின்றது. "நாப்பத்தாறு வருஷம். ஒரு நல்லதக்கூட நல்லபடியா சொல்லத் தெரியாது அந்த மனுஷனுக்கு." கொஞ்ச நேரம் தனக்குள்ளேயே தலையாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "எந்தக் கையால அமுக்குனே?" என்று கேட்டாள்.

ஒஃபீலியாவுக்குப் புரியவில்லை.

"அவரு நெஞ்ச. எந்தக் கை?"

ஒஃபீலியா இரண்டு கைகளையும் மெல்ல நீட்டினாள். ஆர்டிஸ் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவற்றை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒஃபீலியா நின்ற இடத்திலேயே குனிய வேண்டியிருந்தது. இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். கிழவி விடவில்லை. கடைசியில் ஒஃபீலியா சமையலறைத் தரையில் மெதுவாக மண்டியிட்டாள்.

"கார்லா, காப்பி எங்க?" என்று கூடத்திலிருந்து கர்ட் கூப்பிட்டான்.

"வரேன்."

அவள் பெரிய காப்பிப் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள். கனத்தது. கதவை முதுகால் தள்ளி வெளியே போனாள். கதவு அவளுக்குப் பின்னால் உள்ளும் வெளியுமாக ஆடிவிட்டு நின்றது.